15 கடல் மைல் தள்ளிப் போகக் கூடாதா?

2012-ம் வருஷம் மார்ச் மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு சரக்குக் கப்பல் வந்து சேர்ந்தது. அந்தக் கப்பலின் முன்முனையில் ஒரு நீலத் திமிங்கிலம் செத்து, குறுக்கே மடிந்து கிடந்தது. கடலில் எங்கோ மோதி, அப்படியே தள்ளிக் கொண்டு வந்துவிட்டது கப்பல். மோதியது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியாமலே போயிருந்தாலும் வியப்பில்லை. மலை போன்ற இந்தக் காலத்துச் சரக்குக் கப்பலில் நிற்பவனுக்கு அந்த அதிர்ச்சி காலில்கூடத் தட்டாது.

ஒரு திமிங்கிலம்தானே, போகட்டும் என்று சொல்லலாம். ஆனால் கணக்கு அப்படிப் போகவில்லை. கப்பலில் அடிபட்டுச் சாகும் திமிங்கிலங்களில் பெரும்பாலானவை நேரே அடியில் போய்விடுகின்றன. கரையில் ஒதுங்குபவை கொஞ்சம். கப்பலின் மூக்கிலேயே சிக்கித் துறைமுகம் வரையில் வருவது மிக அபூர்வம். ஊரார் கண்ணில் பட்டது ஒன்று என்றால், படாமல் மூழ்கியவை எத்தனை என்று யார் சொல்ல முடியும்?

இந்தச் சாவுகளில் பெரும் பகுதியைத் தடுக்க வழி இருக்கிறது. அதற்குப் புதிய யந்திரம் வேண்டாம், கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். இலங்கையின் தென்கோடியைச் சுற்றிக் கொண்டு போகும் கப்பல்கள் 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போனால் போதும். இவ்வளவு சுலபமான காரியம் ஏன் இத்தனை வருஷம் இழுத்துக் கொண்டே போகிறது என்பதைக் கேட்கத்தான் வேண்டும். அதைக் கேட்பதற்கு முன், இந்தத் திமிங்கிலங்கள் யார், அவற்றை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் யார் என்று தெரிந்து கொள்வது நல்லது.

பாட நூல் சொன்னது

நீலத் திமிங்கிலம் உலகத்தில் உள்ள பிராணிகளிலெல்லாம் பெரியது. தென் துருவக் கடலில் நூறு அடி நீளம் வரையில் வளரும். இலங்கைக் கடலில் இருப்பவை சற்றுக் குள்ளமான ஜாதி. குள்ளம் என்றவுடன் ஏமாந்துவிட வேண்டாம். அவையும் எண்பது அடியை எட்டக்கூடியவைதான்.

பெரிய திமிங்கிலங்களைப் பற்றிப் பாட நூல்கள் வெகு காலமாக ஒரே பாடத்தைச் சொல்லி வந்தன. அவை கோடையில் துருவத்துக் குளிர்ந்த கடலுக்குப் போய் வயிறாரத் தின்னும். குளிர் காலத்தில் உஷ்ண மண்டலக் கடலுக்கு வந்து குட்டி போடும். அங்கே அநேகமாகப் பட்டினிதான். இந்த விதிப்படி பார்த்தால் வெப்பக் கடல் திமிங்கிலத்துக்குப் பிரசவ விடுதியே தவிர, சாப்பாட்டுக் கூடம் அல்ல.

இந்த விதிக்கு விலக்கு உண்டு என்பதை 2003-ம் ஆண்டு இலங்கைக் கடலில் ஓர் இளம் பெண் கண்டு கொண்டார். அவர் பெயர் ஆஷா டி வோஸ். பெயரைக் கேட்டு ஐரோப்பியர் என்று எண்ண வேண்டாம். இலங்கையில் பிறந்து வளர்ந்தவர். சிறு வயதில் பெற்றோர் வாங்கி வந்த பழைய 'நேஷனல் ஜியாகிரபிக்' பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி, தானும் ஒரு நாள் யாரும் போகாத இடத்துக்குப் போக வேண்டும், யாரும் பார்க்காததைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். கடல் விஞ்ஞானம் படிக்க ஸ்காட்லாந்துக்குப் போனார். பிறகு ஆக்ஸ்போர்டில் மேல்படிப்பு.

படிப்பு முடிந்த சமயம், 'ஒடிஸி' என்ற ஆராய்ச்சிக் கப்பல் மாலத் தீவுக்கும் இலங்கைக்கும் வரப் போகிறது என்று கேள்விப்பட்டார். திமிங்கிலங்களின் பாட்டை உலகத்துக்குக் கேட்கச் செய்த ரோஜர் பெய்ன் நிறுவிய 'ஓஷன் அலையன்ஸ்' சங்கத்தின் கப்பல் அது. தன்னையும் ஏற்றிக் கொள்ளும்படி ஆஷா எழுதினார். இடம் கிடைக்கவில்லை. மறுபடியும் எழுதினார். மூன்று மாத காலம் விடாமல் எழுதினார். கடைசியில், தொல்லை தாங்காமலோ என்னவோ, வரச் சொல்லிவிட்டார்கள். விஞ்ஞானி என்ற மரியாதை எதுவும் கிடையாது. பித்தளையைத் தேய்ப்பது, பாய்மரத்தில் ஏறுவது போன்ற எடுபிடி வேலைதான். அந்த வேலையைச் செய்து கொண்டே வந்தவர்தான், ஒரு நாள் இலங்கைக் கரையோரத்தில் ஆறு நீலத் திமிங்கிலங்கள் ஓரிடத்தில் கூடி நிற்பதைப் பார்த்தார்.

கூடி நின்றதில் பெரிய அதிசயம் இல்லை. தண்ணீரின் மேல் செங்கல் நிறத்தில் ஏதோ மிதந்து கொண்டிருந்தது. அது திமிங்கிலத்தின் சாணம். முகம் சுளிக்க வேண்டியதில்லை. விஞ்ஞானத்தில் சாணத்துக்கும் ஒரு கௌரவம் உண்டு. தின்னாத பிராணி கழிக்காது. இவை இங்கேயே, இந்த வெப்பக் கடலிலேயே, வயிறு நிறையத் தின்று கொண்டிருக்கின்றன என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

கூனி தின்னும் ராட்சதன்

இந்தக் கண்டுபிடிப்பைக் கைவிடாமல் 2008-ம் ஆண்டு இலங்கை நீலத் திமிங்கில ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை ஆஷா ஆரம்பித்தார். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் இதே துறையில் டாக்டர் பட்டம் வாங்கினார். கடல்வாழ் பாலூட்டிகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் இவரே. இந்தத் திமிங்கிலங்களுக்கு இவர் வைத்த செல்லப் பெயர், 'சம்பிரதாயத்தை மீறிய திமிங்கிலங்கள்'. பாட நூலை மதிக்காதவை என்று பொருள்.

அவை தின்பது என்ன என்று பார்த்ததிலும் ஒரு விந்தை. துருவக் கடல் நீலத் திமிங்கிலங்கள் கிரில் என்ற சிறு பிராணியைத் தின்கின்றன. இலங்கைக் கடலில் சேகரித்த சாணத்தைச் சோதித்ததில், இங்கே முக்கிய ஆகாரம் வேறு வகை இறால் என்று தெரிய வந்தது. கடற்கரை ஊர்ச் சந்தையில் சென்னாக்கூனி என்று படியில் அளந்து விற்கிறார்களே, அந்தக் கூனியின் வம்சம்தான் அது. உலகத்தின் மிகப் பெரிய பிராணி, மீன்காரி கொசுறாக அள்ளிப் போடும் கூனியைத் தின்று உயிர் வாழ்கிறது!

இந்தச் சாணத்துக்கும் கடலில் வேலை இருக்கிறது. அதில் உள்ள இரும்புச் சத்து கடலின் மேல்மட்டத்துக்கு உரமாகிறது. கண்ணுக்குத் தெரியாத கடல் தாவரங்கள் அதை உண்டு பெருகுகின்றன. அவற்றை உண்டு சிறு பிராணிகள். அவற்றை உண்டு மீன்கள். வயலுக்கு மாடு எப்படியோ, கடலுக்குத் திமிங்கிலம் அப்படி. மீனவனுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆஷா தனி ஆளாக எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்வது நியாயம் ஆகாது. அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1982 முதல், 'டூலிப்' என்ற சிறிய பாய்க் கப்பலில் வந்த வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்களைப் பார்த்தார்கள். அவற்றின் குரலைப் பதிவு செய்தார்கள். அங்கே அவை தின்பதையும் குறித்து வைத்தார்கள். திருகோணமலைத் துறைமுகத்தின் வாசலிலேயே கடலடியில் மகா ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. கரையில் நின்றே திமிங்கிலத்தின் மூச்சைப் பார்க்கக் கூடிய ஊர்கள் உலகத்தில் அதிகமில்லை. ஆனால் யுத்தம் வந்தது. கீழைக் கடல் ஆராய்ச்சிக்காரர்களுக்கு மூடிப் போயிற்று. வந்தவர்கள் போனார்கள், எடுத்த குறிப்புகளும் அவர்களோடு போயின. கரையில் இருந்தவர்களுக்கு மிஞ்சியது என்ன?

இதுதான் ஆஷா பல மேடைகளில் எழுப்பி வரும் கேள்வி. பாரசூட்டில் குதிப்பது போல வந்து இறங்கி, வேண்டியதை எடுத்துக் கொண்டு பறந்துவிடும் விஞ்ஞானத்தால் கடலுக்கு நன்மை இல்லை என்கிறார் அவர். உலகத்துக் கடற்கரைகளில் 70 சதவிகிதம் வளரும் நாடுகளில் இருக்கிறது; அந்தக் கடலைக் காக்க வேண்டுமானால் அந்தக் கரையில் இருப்பவன் கற்றுக் கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. 2017-ல் 'ஓஷன்ஸ்வெல்' என்ற ஸ்தாபனத்தை இலங்கையில் அவர் தொடங்கியதும் இதற்காகத்தான். பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. லட்சத் தீவில் கவரத்தித் தீவை ஒட்டிக் கடலடியில் ஒலி வாங்கியை வைத்து, இந்தத் திமிங்கிலங்களின் அதே பாட்டை அங்கேயும் பிடித்துக் காட்டினார் திவ்யா பணிக்கர் என்ற இந்திய விஞ்ஞானி. கடலுக்கு வேலி இல்லை. இலங்கையின் திமிங்கிலம் இந்தியாவின் திமிங்கிலமும்தான்.

போக்கிடம் இல்லாதவை

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வரலாம். இந்தத் திமிங்கிலங்கள் இலங்கை, அரபிக் கடல், மாலத் தீவு என்று வடக்கு இந்து மகா சமுத்திரத்துக்குள்ளேயே சுற்றி வருகின்றனவே தவிர, துருவத்துக்குப் போவதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். வடக்கே போகலாம் என்றால் ஆசியாக் கண்டம் சுவர் போல நிற்கிறது. வேறு கடல் திமிங்கிலத்துக்கு ஓரிடத்தில் தொல்லை என்றால், வருஷத்தில் பாதி நாளாவது வேறிடத்தில் நிம்மதி கிடைக்கும். இவற்றுக்கு அது இல்லை. பிறப்பு, சாப்பாடு, காதல், சாவு எல்லாம் இந்த ஒரே வட்டத்துக்குள். இங்கே நேரும் நஷ்டத்தை ஈடு செய்ய வெளியிலிருந்து யாரும் வரப் போவதில்லை.

நஷ்டம் முன்பே நேர்ந்திருக்கிறது. 1963 முதல் 1967 வரையில் 'ஸ்லாவா', 'சோவியத்ஸ்காயா உக்ரைனா' என்ற இரண்டு சோவியத் வேட்டைக் கப்பல் கூட்டங்கள் அரபிக் கடல் பக்கம் புகுந்து 1,294 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. அதோடு 242 கூன்முதுகுத் திமிங்கிலங்கள். அப்போது உலகத்துக்குக் கொடுத்த கணக்கு பொய்க் கணக்கு; உண்மை வெளிப்பட்டது 1990-களில்தான். அந்தக் கூன்முதுகுத் திமிங்கிலங்களும் இடம் பெயராத ஜாதி. ஓமன் கடலில் மிஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு என்பது மதிப்பு. அரை நூற்றாண்டு கழித்தும் அந்தக் கூட்டம் தலை தூக்கவில்லை. போக்கிடம் இல்லாத கூட்டத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

1979-ல் சர்வதேசத் திமிங்கில கமிஷன் இந்து மகா சமுத்திரத்தைத் திமிங்கில சரணாலயமாகப் பிரகடனம் செய்தது. பிரேரணை கொண்டு வந்தது எந்த வல்லரசும் அல்ல. சுதந்திரம் பெற்று மூன்றே வருஷமான சீஷெல்ஸ் என்ற குட்டித் தீவு நாடு! வர்த்தக வேட்டைக்கு உலகம் முழுவதும் தடை 1986-ல் அமலுக்கு வந்தது. ஈட்டி எறிபவன் போய்விட்டான். ஆனால் அந்த இடத்துக்கு, கொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஒருவன் வந்து நிற்கிறான். அவன்தான் கப்பல் ஓட்டி.

பாதை எங்கே போகிறது?

ஏடனிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் கப்பலும், அங்கிருந்து திரும்பும் கப்பலும் இலங்கையின் தென்கோடியான தேவேந்திர முனையை ஒட்டித்தான் திரும்புகின்றன. உலகத்தின் மிகச் சந்தடியான கடற் சாலைகளில் இதுவும் ஒன்று. போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கேதான் கடலடித் தரை சட்டென்று ஆழத்தில் இறங்குகிறது. அங்கேதான் பருவக் காற்றின் நீரோட்டம் அடியிலுள்ள சத்தை மேலே கிளப்புகிறது. ஆகவே அங்கேதான் கூனி. கூனி இருக்கும் இடத்தில் திமிங்கிலம். கல்யாணப் பந்தியின் நடுவே ரஸ்தா போட்ட கதைதான் இது.

பந்திக்குள் வேறு சிலரும் இருக்கிறார்கள். மீன் பிடிப்பவர்களின் சிறு படகுகள் அங்கே போகின்றன. மிரிஸ்ஸா ஊரிலிருந்து திமிங்கிலம் காட்டும் உல்லாசப் படகுகளும் புறப்படுகின்றன. (இந்தப் படகுக்காரர்கள் திமிங்கிலத்தை நாலா பக்கமும் வளைத்துக் கொள்வது தனி வழக்கு, அதற்கும் கட்டுப்பாடு வேண்டியதுதான்.) ராட்சதக் கப்பல்கள் வரிசையாகப் போகும் பாதையில் இந்தப் படகுகள் குறுக்கிடுவது மனித உயிருக்கும் ஆபத்து.

2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதை அளந்து காட்டியது. இலங்கை ஆராய்ச்சியாளர்களும் வெளிநாட்டினரும் சேர்ந்து செய்தது. படகில் போய்த் திமிங்கிலங்களை எண்ணினார்கள். கப்பல்களின் போக்குவரத்தையும் கணக்கெடுத்தார்கள். இரண்டையும் ஒரே படத்தில் வைத்துப் பார்த்தபோது, திமிங்கிலங்கள் மிக நெருக்கமாக இருக்கும் இடமும் கப்பல்கள் மிக நெருக்கமாகப் போகும் இடமும் ஒன்றாகவே இருந்தன. பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் அபாயம் 95 சதவிகிதம் குறையும் என்பது அவர்கள் முடிவு.

அதனால் கப்பலுக்கு எவ்வளவு சுற்று? ஆயிரக்கணக்கான மைல் பிரயாணத்தில் கூடுவது சுமார் 5 கடல் மைல்தான். நேரக் கணக்கில் பார்த்தால் அரை மணிக்கும் குறைவு. இலங்கை முனையிலிருந்து மலாக்கா வரையில் போவதற்குள் அந்த அரை மணியை எங்காவது சரிக்கட்டிவிட முடியும்.

இதைப் புரிந்து கொண்ட ஒரு கம்பெனியும் உண்டு. உலகத்தின் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான எம்.எஸ்.சி. 2022-ல் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே தள்ளிப் போகச் சொல்லிவிட்டது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் ஒரு கம்பெனியின் நல்ல மனசு சட்டம் ஆகாது. இன்றைக்கு ஒரு நிர்வாகி உத்தரவு போட்டது நாளைக்கு வேறொருவர் வந்தால் மாறலாம். மற்றக் கம்பெனிக் கப்பல்கள் வரைபடத்தில் உள்ள கோட்டைப் பார்த்துத்தான் போகும். அதிலும் ஒருவன் தெற்கே, ஒருவன் வடக்கே என்று போவது போக்குவரத்துக்கே நல்லதல்ல. கோடு மாற வேண்டும்.

தயக்கம் எதற்கு?

கோட்டை மாற்றும் அதிகாரம் சர்வதேசக் கடல் போக்குவரத்து ஸ்தாபனத்துக்கு இருக்கிறது. ஆனால் அது தானாக மாற்றாது. கரையை உடைய சர்க்கார் கேட்க வேண்டும். 2016-ல் கணக்கு வெளியான பிறகும், 2022-ல் ஒரு கம்பெனி தானே முன்வந்த காலம் வரையில், கொழும்பிலிருந்து அந்தக் காரியம் நடந்தேறவில்லை.

காரணம் சொல்லாமல் இல்லை. கப்பல்கள் தள்ளிப் போய்விட்டால் காலி, அம்பாந்தோட்டைத் துறைமுகங்களுக்கு எண்ணெய் போட்டுக் கொள்ளவும், ஆள் மாற்றவும் வருகிற வியாபாரம் குறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். 2022-ல் கஜானா காலியாகி, பெட்ரோலுக்குக் கால் கடுக்க வரிசையில் நின்ற நாடு அது. வருமானத்தைப் பற்றிய பயத்தைக் கேலி செய்ய எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தப் பயத்தில் சாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய்க்காகத் துறைமுகத்துக்கு வர வேண்டிய கப்பல், பாதை எங்கே இருந்தாலும் அதை விட்டுத் திரும்பித்தான் வர வேண்டும். 15 மைல் தூரம் என்பது அப்படிப்பட்ட கப்பலுக்கு ஒரு மணி நேரப் பயணம். விலையும் வசதியும் சரியாக இருந்தால் வருவான். இல்லாவிட்டால் துறைமுக வாசலை உரசிக் கொண்டு போனாலும் நிற்க மாட்டான். நெடுஞ்சாலையில் ஓட்டல் வைத்தவனுக்கு இது தெரியும்.

மற்றொரு பக்கத்தையும் கூட்டிப் பார்க்கட்டும். யுத்தம் முடிந்த பிறகு மிரிஸ்ஸாவுக்கு வெளிநாட்டார் விமானம் ஏறி வருவது எதற்காக? படகுக்காரன், விடுதிக்காரன், வண்டிக்காரன் எல்லாருக்கும் சோறு போடுவது அந்தத் திமிங்கிலம்தான். துறைமுக வருமானத்தைக் கணக்கில் எழுதுகிறவர்கள் இதை எந்தப் பக்கத்தில் எழுதுகிறார்கள்?

வேறு நாடுகள் செய்து காட்டாத காரியமும் அல்ல. கனடா 2003-லேயே ஃபண்டி விரிகுடாவில் திமிங்கிலங்களுக்காகக் கப்பல் தடத்தை மாற்றிக் கொண்டது. பணக்கார நாடு, செய்யும் என்று சொல்வார்கள். அப்படியானால் பனாமாவைப் பார்க்கலாம். உஷ்ண மண்டல நாடு. கப்பல் போக்குவரத்துதான் அதற்கு உயிர் மூச்சு. ஹெக்டர் குஸ்மான் என்ற விஞ்ஞானி, கூன்முதுகுத் திமிங்கிலங்கள் போகும் வழியையும் கப்பல்கள் போகும் வழியையும் ஒப்பிட்டுக் காட்டினார். சர்க்கார் கேட்டது, சர்வதேச ஸ்தாபனம் ஒப்புக் கொண்டது, 2014 டிசம்பரில் பனாமா வளைகுடாவில் புதிய தடங்கள் அமலுக்கு வந்தன. பனாமாக் கால்வாயை விட்டுவிட்டு எந்தக் கப்பலும் ஓடிவிடவில்லை.

ஆஷா டி வோஸின் பெயர் 2018-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தது. பட்டம், விருது, மேடை எதற்கும் அவருக்குக் குறைவில்லை. இலங்கையில் அவரைப் பற்றிப் பெருமைப்படாத பத்திரிகை இல்லை. ஆனால் அவரும் அவரைப் போன்றவர்களும் நடுக்கடலில் வெயிலில் காய்ந்து, ஒவ்வொரு திமிங்கிலத்தின் வாலையும் முதுகையும் படம் பிடித்து, எது எது என்று அடையாளம் வைத்துக் கொண்டு உழைப்பது பொன்னாடைக்காக அல்ல. கண்டறிந்ததைக் கொண்டு நாடு ஏதாவது செய்யும் என்ற நம்பிக்கையில்தான்.

நவம்பரில் தென் இலங்கைக் கடல் அமைதி அடையும். ஏப்ரல் வரையில் திமிங்கிலங்கள் அந்த முனையைச் சுற்றிக் கூனி தின்று கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஆழத்தில் மூழ்கிப் பத்து நிமிஷம் கழித்து மூச்சு விட மேலே வரும்போது, தலைக்கு மேல் என்ன போகிறது என்பது அதற்குத் தெரியாது. லண்டனில் இருக்கும் சர்வதேசக் கடல் போக்குவரத்து ஸ்தாபனத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு விண்ணப்பம் போக வேண்டும். அதோடு இணைக்க வேண்டிய வரைபடம் 2016-லேயே தயாராகிவிட்டது.